நரம்பை அறுக்கிற நேரம்

"தூக்கிப் பிடிங்க மேடம், ராடைத் தாழ்த்தாதீங்க, ஓடணும்னா ஓடட்டும்!" என்று கென்னடி அண்ணன் மேல்தட்டில் சுக்கானைப் பிடித்தபடி கத்துகிறார், ரீல் அதைவிடப் பெரிதாகக் கத்துகிறது, நான் மற்ற தூண்டில் ராடுகளின் நரம்பைச் சுற்றி உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்றாவது ரப்பர் கணவாய் இரையும் தண்ணீரை விட்டு வந்துவிட்டது, இனிமேல் படகுக்குப் பின்னால் இருப்பது மேடத்தின் நரம்பு மட்டும்தான், அதன் நுனியில் நூறு பாகத்துக்கு, நூறு ஆள் நீளத்துக்கு, அப்பால் ஒரு மயில்மீன். முதல் துள்ளலிலேயே முழு உடம்பையும் காட்டிவிட்டது. முதுகுத் துடுப்பு விரிந்து மடங்கியதைப் பார்த்தேன். மேடம் ஈரோட்டுக்காரர், ஷார்ஜாவில் பல் டாக்டர், பதிவுத் தாளில் தமயந்தி என்று இருந்தது. கணவர் உள்ளே பெஞ்சில் வாளியைக் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கிறார். புஜைராக் கரையை விட்ட அரை மணி நேரத்தில் ஆரம்பித்த வாந்தி. "அவரு காலைலயே மீனுக்குத் தீனி போட்டுட்டாருங்க, அதான் வந்து மாட்டுச்சு" என்று மீன் கடித்தவுடன் மேடம் சிரித்தார். இப்போது சிரிப்பு இல்லை. "ஏனுங்க, கை உட்டுப் போயிருமாட்ட இருக்குது, யாராச்சும் ஒரு கை புடிங்களே" என்கிறார். யாரும் பிடிக்க மாட்டோம். பிடிக்கக் கூடாது. தூண்டில் ஏறியதிலிருந்து, காசு கொடுத்து மீன்பிடிக்க வந்தவரின் கையைத் தவிர வேறு யார் விரல் ராடில் பட்டாலும் அந்த மீன் அவர் பிடித்தது ஆகாது, இந்தப் படகுகளின் சட்டம் அது. இன்னொன்றும் உண்டு. நரம்பின் கடைசி இரண்டு பாகம் கனமான வேறு நரம்பு, லீடர் என்பார்கள். அந்த லீடர் படகாள் ஒருவனின் கைக்கு வந்துவிட்டால் போதும், மீன் பிடிபட்டதாகக் கணக்கு. பிறகு அறுத்துக்கொண்டு போனாலும் பிடிபட்டதுதான். எப்படியும் மயில்மீனைக் கொல்வதில்லை, விட்டுவிடத்தான் வேண்டும். வந்த புதிதில் இதைக் கேட்டு நானும் என்னோடு ஊரிலிருந்து வந்த அம்புரோசும் சிரித்திருக்கிறோம். எங்கள் தூத்தூர்க் கரையில் மீன் வள்ளத்துக்குள் விழுந்து வாலடித்து அடங்கினால்தான் மீன்.

லீடரைப் பிடிக்கிறவன் ஹில்மி. கையுறையை மாட்டி, விரல்களை ஒன்றோடொன்று கோத்து இறுக்கிப் பார்த்துக்கொள்கிறான். இலங்கையில் கற்பிட்டியிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அவனுக்கு முன் அந்தக் கையுறை அம்புரோசுடையது. இல்லை, அந்தக் கையுறை இல்லை, அது போய்விட்டது, இது புதிதாக வாங்கியது. என் வேலை கத்தி. லீடரைப் பிடித்தவனுக்கு வலப்பக்கம், ஒரு முழத் தூரத்தில், கையில் உருவிய கத்தியோடு நிற்க வேண்டும். அவன் கை சிக்கினால், அவன் கைக்கும் மீனுக்கும் நடுவில் அறுத்துவிட வேண்டும். நூறு பயணத்தில் தொண்ணூற்றொன்பதில் இந்தக் கத்திக்கு வேலை வராது. உறையிலிருந்து எடுத்து, திரும்ப உறையில் போடுவேன். ஒரு முறை வந்தது. அதற்குப் பிறகும் கத்தியை என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் வாங்க வேண்டும், உடனே அறுத்துக் கூட்டாளியின் உயிரைக் காப்பாற்றியவன் அல்லவா நான். முதலாளி அரபி தோளில் தட்டினார். ஊரில் பங்குச் சாமியார் பூசையில் சொன்னாராம். எண்ணிப் பார்க்கிறேன், உறையைத் திறக்க ஒன்று. கத்தி ஏற்கெனவே கையில்தானே இருந்தது, அப்படியானால் உறைக்குக் கணக்கு இல்லை. கை நீள ஒன்று. அறுக்க ஒன்று. லீடர் இழுபட்டு விறைப்பாக நின்றால் கத்தி பட்டாலே போதும், தெறித்துவிடும். அதனால் இரண்டு. இரண்டு எண்ணுவதற்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. எத்தனை எண்ணினேன் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் நினைத்தால் நாலு வருகிறது. இன்னொரு நாள் ஏழு. நான் அன்று எண்ணவே இல்லை, இந்த எண்கள் எல்லாம் பிறகு வந்தவை. பல் தேய்க்கும்போது எண்ணுகிறேன், லிஃப்ட் வரும்வரை எண்ணுகிறேன், சிவப்பு விளக்கில் நிற்கும் வண்டிகளை எண்ணாமல் நேரத்தை எண்ணுகிறேன். ஏழு என்பது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். ஏழு எண்ணுவதற்குள் ஒரு ஆள் சட்டைப் பித்தான் எல்லாவற்றையும் போட்டுவிடலாம்.

"இடப்பக்கம் போவுது, மேடம், நீங்களும் திரும்புங்க, காலை அகட்டி நில்லுங்க" என்று கென்னடி அண்ணன் படகைப் பின்னோக்கி எடுக்கிறார், டீசல் புகை பின்தளத்தில் வந்து கவிகிறது, கால்சட்டைப் பைக்குள் போன் தொடையில் சுடுகிறது. போன் சுடாது, அது என் உடம்புச் சூடு. இங்கே சிக்னல் இல்லை, போன் செத்துக் கிடக்கிறது, ஆனால் அதற்குள் அம்புரோசின் குரல் இருக்கிறது. காலையில் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. "லே ததேயு, எப்பிடி இருக்க மக்கா. பிள்ளைக்கு ஞானஸ்நானம் வார ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு. ஞானத்தகப்பன் பேரு நாளைக்குப் பூசைக்கு முன்ன எழுதித் தரணுமுன்னு சாமியாரு சொல்லிப்போட்டாரு. ஒனக்க பேரத்தான் குடுக்கப் போறேன். எனக்க உசிரத் தந்தவன் நீ, எனக்க பிள்ளைக்கு நீயில்லாம வேற எவன்லே. ஷைனியும் அதான் சொல்லுகா. சரின்னு ஒரு வார்த்த போடு." பின்னால் பிள்ளை அழுகிறது. அவன் மனைவி ஷைனி யாரிடமோ எண்ணெய் எங்கே என்று கேட்கிறாள். முப்பத்தெட்டு விநாடி. நான் மூன்று தடவை கேட்டேன், மூன்றாவது தடவை பிள்ளை அழுவதை மட்டும் கேட்டேன். சரி என்று போட ஒரு விநாடி போதும். கட்டை விரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று உண்டு, அதை அழுத்தினால் அதைவிடக் குறைவு. அழுத்தவில்லை. அப்புறம் படகு கிளம்பிவிட்டது, அலைத்தடுப்பைத் தாண்டி எட்டு மைலில் சிக்னல் போய்விட்டது. மேல்தட்டில் சுக்கானுக்கு முன்னால் கண்ணாடியை ஒட்டி ஒரு திட்டு இருக்கிறது. கரை திரும்பும்போது எல்லோரும் போனை அங்கே வைப்போம், படகில் முதலில் சிக்னல் விழுகிற இடம் அது, கீழே பையில் இருப்பதைவிடக் கால் மணி நேரம் முன்னால் விழும். அம்புரோசு அங்கே தன் போனை வைத்துவிட்டு, ஷைனியின் செய்தி வந்து விழும் சத்தத்துக்காகப் பின்தளத்தைக் கழுவும்போது காதைத் தூக்கிக்கொண்டே இருப்பான். இப்போது ஐந்து மாதமாக என் போன் பையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவன் ஊரிலிருந்து கூப்பிடுவான். ஐஸ் கம்பெனியில் வேலை என்பான், கட்டியைத் தூக்க மாட்டான், எண்ணிக்கை மட்டும் பார்ப்பான், இடது கையில் மூன்று விரல் போதும் பேனாவை வலது கையில்தானே பிடிக்கிறோம் என்று சிரிப்பான். கல்யாண மோதிரத்தைக் கடலில் யாரும் போடுவதில்லை, நரம்பு மாட்டினால் விரலோடு போகும், அதனால் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்வோம். அவன் மோதிரம் அப்படித்தான் தப்பித்தது. இப்போதும் சங்கிலியில்தான் கிடக்கிறது.

மேடம் குனிந்து நிமிர்ந்து சுற்றுகிறார். இருபது நிமிடம் ஆகியிருக்கும். இடுப்புப் பட்டையில் ராடின் அடி குத்தி நிற்கிறது. "எத்தன பல்லு புடுங்கியிருக்கேன், ஒண்ணு கூட இப்பிடி அழும்பு பண்ணலீங்க" என்கிறார் பல்லைக் கடித்துக்கொண்டே. ஹில்மி சிரிக்கிறான். என்னைப் பார்த்துவிட்டு, "மச்சான், ஏன் அந்தக் கத்திய அப்புடி இறுக்கிப் புடிச்சி நிக்கிற? மீன அறுக்கவா, என்னய அறுக்கவா?" என்கிறான். "ஒன் நாக்க அறுக்க" என்கிறேன். அவன் இன்னும் பெரிதாகச் சிரிக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வந்த முதல் நாளே கேட்டான், "நீதானே அந்த ஆளக் காப்பாத்தினது? அப்ப எனக்குப் பயமில்ல." அவன் கையுறையைப் பார்க்கிறேன், பிடியைப் பார்க்கவில்லை, இன்னும் லீடர் வரவில்லை, ஆனால் அவன் எப்படிச் சுற்றப் போகிறான் என்று என் கண் முன்கூட்டியே சுற்றிப் பார்க்கிறது. எங்கள் ஊரில் நெய்மீனுக்குக் கைநரம்பு போடும்போது உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதை முதல் சுற்றின்மேல் ஏற்றி இறுக்குவோம். பூட்டு விழுந்த மாதிரி நிற்கும், வழுக்காது. பத்து வயதில் கை அதைப் பழகிவிட்டது. இங்கே அது ஆகாது. இங்கே ஒரே திசையில் இரண்டு சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, மீன் பாய்ந்தால் கையை விரித்தவுடன் கழன்றுவிட வேண்டும். கென்னடி அண்ணன் கரையில் நாற்காலிக் காலில் நரம்பைக் கட்டி ஒரு பகல் முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், சுத்து, விரி, சுத்து, விரி. "வந்த மீன விடதுக்குப் படிக்கதுக்கா லே விமானம் ஏறி வந்தோம்" என்று அம்புரோசு கேட்டான். கென்னடி அண்ணனும் தூத்தூர்க்காரர்தான், அவருக்கும் அந்தக் கைப்பூட்டு தெரியும். "மறந்துபோ. அந்தப் பூட்ட ஊர்லயே வச்சிட்டு வா" என்றார். அம்புரோசு ஐந்து வருடம் மறந்திருந்தான். முன்னூறு மயில்மீனுக்கு மேல் அவன் கை விரிந்து விட்டிருக்கிறது. மார்ச் மாதம் அந்த மார்லின் வந்த அன்று அவன் கை ஊருக்குப் போய்விட்டது.

மார்லின் என்றால் எங்கள் ஊர்க் கொப்பரன், ஈட்டி மூக்குள்ள பெரிய மீன். நாற்காலியில் பட்டை போட்டு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சுற்றினார் அன்று வந்த ஆள், கழுத்துத் தடித்த மனிதர், எந்த நாடு என்று தெரியாது, எங்களோடு ஆங்கிலம் பேசினார். லீடர் நுனி தண்ணீருக்கு மேல் வந்தது. அம்புரோசு எட்டிப் பிடித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது. மூன்றாவது முதல் சுற்றின்மேல் ஏறியதை நான் பார்த்தேன். அது பூட்டு என்று என் கைக்குத் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம், லே பூட்டிட்ட என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம். மீன் பாய்ந்தது. அவன் நெஞ்சு பின்சுவரில் மோதிய சத்தம் கேட்டது. கால் இரண்டும் தளத்தை விட்டுத் தூக்கின. நான் இடது கையால் அவன் பெல்ட்டைப் பிடித்தேன், பிடித்தேன், அது உண்மை, அதில் சந்தேகம் இல்லை. வலது கையில் கத்தி. அவன் தலை தண்ணீருக்குள். லீடர் என் முகத்துக்கு முன்னால், ஒரு முழத்தில், விறைத்துப்போய், தண்ணீர்த்துளி தெறித்துக்கொண்டு. அந்த ஆள் "நோ, நோ, அறுக்காதே" என்று ஆங்கிலத்தில் கத்தினார். அதனால்தான் தயங்கினேன். வாடிக்கையாளர் சொல்கிறார், இரண்டு மணி நேரம் பாடுபட்ட மனிதர், ஆயுளில் ஒரு தடவை கிடைக்கிற மீன், சம்பளம் வாங்குகிறவன் ஒரு நிமிடம் தயங்கமாட்டானா. நிமிடம் இல்லை. எண்ணிக்கை. நாலோ ஏழோ. பிறகு அறுத்தேன். அம்புரோசை உள்ளே இழுத்துப் போட்டேன். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கையுறைக்குள் இல்லை, கையுறையே பாதி இல்லை. "தண்ணிக்குள்ள தல போன ஒடனே ததேயு அறுத்துப்போட்டான்" என்று அவன் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொன்னான். தண்ணீருக்குள் இருந்தவனுக்கு எப்படித் தெரியும். அவனுக்கு யார் சொன்னது. கென்னடி அண்ணன் முதலாளியிடம் போனில் முதலில் அப்படித்தான் சொன்னார், "பையன் ஒடனே அறுத்தான், இல்லேன்னா ஆளு போயிருக்கும்." மேல்தட்டிலிருந்து பின்தளம் உள்ளங்கை மாதிரித் தெரியும். அவர் பார்த்தாரா. பார்க்காமலா சொன்னார். பார்த்துவிட்டா சொன்னார். ஐந்து மாதமாக அவர் முகத்தைப் பார்க்கிறேன், அவர் கடலைப் பார்க்கிறார்.

மயில்மீன் மறுபடி துள்ளுகிறது, இந்த முறை பக்கத்தில், ஐம்பது பாகம் இருக்காது, தலையை ஆட்டி ஆட்டி வாலால் தண்ணீரில் நடக்கிறது. மேடம் வாய் திறந்து பார்க்கிறார், சுற்ற மறந்துவிட்டார். "சுத்துங்க மேடம், பாக்கதுக்குப் பெறவு நேரம் உண்டு!" என்று மேலிருந்து சத்தம். அவர் சுற்றுகிறார். "ஏங்க, வெளிய வந்து பாருங்க!" என்று உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிடுகிறார். உள்ளே வாளி நகரும் சத்தம் மட்டும். பாக்கதுக்குப் பெறவு நேரம் உண்டு. மனம் மார்லின் வந்த நாளுக்குத் திரும்புகிறது. அந்த ஆள் கத்தியது எப்போது. இதை நான் வரிசையாக வைத்துப் பார்ப்பதே இல்லை, வைக்கப் போனால் பல் தேய்ப்பதற்குப் போய்விடுகிறேன், லிஃப்டுக்குப் போய்விடுகிறேன். இப்போது வைக்கிறேன். நெஞ்சு மோதியது. பெல்ட்டைப் பிடித்தேன். லீடர் முகத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு மீன் பக்கவாட்டில் எழும்பியது. படகின் நீளத்தில் பாதி. உடம்பு முழுக்க நீலம், உள்ளே விளக்குப் போட்ட மாதிரி நீலம், ஊதாப் பட்டைகள், அந்தக் கண். பத்து வயதிலிருந்து கடலில் கிடக்கிறேன், அப்படி ஒரு கொப்பரனை நான் பார்த்ததில்லை, என் அப்பனும் பார்த்திருக்க மாட்டார். அறுத்தால் அது போய்விடும். அவ்வளவுதான் நினைத்தேன். அம்புரோசு என் இடது கையில் தொங்குகிறான், நான் மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஆள் பிறகுதான் கத்தினார். நோ, நோ என்று அவர் கத்தியதற்குக் காரணம், நான் கத்தியை அப்போதுதான் தூக்கினேன். அவர் கத்துவதற்கு முன்னால் இருந்த நேரம் முழுக்க என்னுடையது. அதற்கும் பிறகு மேலிருந்து கென்னடி அண்ணன் "ததேயு!" என்று பெயரைச் சொல்லிக் கத்தினார். அது கேட்டு அறுத்தேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தானே, பார்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். இரண்டு விரல். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்து எண்ணிக்கைக்கு இரண்டு விரல். இந்தக் கையால் பிள்ளையை ஏந்தி சாமியாருக்கு முன்னால் நிற்க வேண்டும், பசாசை விட்டுவிடுகிறாயா என்று பிள்ளைக்குப் பதிலாக என்னிடம் கேட்பார்கள், விட்டுவிடுகிறேன் என்று பிள்ளைக்காக நான் சொல்ல வேண்டும். பக்கத்தில் அம்புரோசு மூன்று விரலில் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

"லீடர்!" என்கிறான் ஹில்மி. வந்துவிட்டது. நரம்பும் லீடரும் சேர்கிற முடிச்சு தண்ணீரை விட்டு மேலே ஏறுகிறது, சொட்டிக்கொண்டு. மேடம் பின்னால் சாய்ந்து மூச்சு வாங்குகிறார், "எடுங்க, எடுங்க" என்கிறார். ஹில்மி குனிந்து கையை நீட்டி லீடரைப் பிடிக்கிறான், அவன் விரல் பட்டது, அது மேடத்தின் மீனாகிவிட்டது, இனி என்ன ஆனாலும் அவருடையது. ஒரு சுற்று. மீன் படகின் பக்கவாட்டில், பழுப்பாக, களைத்து, வாய் திறந்து திறந்து மூடுகிறது. இரண்டு சுற்று. நான் மீனைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்க்கிறேன், இரண்டாவது சுற்று எங்கே விழுந்தது, முதலின் பக்கத்திலா, மேலேயா, கையுறை மறைக்கிறது, டீசல் புகை, பக்கத்தில்தான் என்று நினைக்கிறேன், நினைத்தால் போதாது. மீன் தலையைத் திருப்பியது. உடம்பு சட்டென்று நீலமானது. ஹில்மியின் தோள் முன்னால் போனது, அரை அடி, அவ்வளவுதான், தோள். கத்தி லீடரில் பட்டது. டப் என்று ஒரு சத்தம். ஹில்மி பின்னால் தள்ளாடி என்மேல் விழுந்தான், கையை விரித்தபடி, விரித்துத்தான் இருந்தது கை, ஐந்து விரலும் அகன்று, லீடரின் மிச்சம் சுலபமாகக் கழன்று தளத்தில் விழுந்தது.

  "என்னடா மச்சான், நான் விட்டுட்டுத்தானே இருந்தேன்!" என்கிறான் ஹில்மி, கையைத் தூக்கி எனக்குக் காட்டுகிறான், கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது அவனுக்கு. "இந்தா பாரு, அஞ்சும் இருக்கு. எண்ணிப் பாரு." நான் எண்ணிவிட்டேன். "போச்சுங்களா?" என்று மேடம் கேட்கிறார். முகம் குழந்தை முகமாகிவிட்டது. "போட்டோ எடுக்கவே இல்லீங்களே." கென்னடி அண்ணன் மேலிருந்து, "கையில லீடர் வந்தாச்சு மேடம். ஒங்க மீனுதான். நாப்பது கிலோ போட்டு சர்டிபிகேட் தருவேன்" என்கிறார். "நாப்பதா! வூட்டுல அம்பதுன்னு சொல்லிக்கறேனுங்க" என்கிறார் மேடம், கொஞ்சம் தேறிவிட்டார். அப்போதுதான் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார், கன்னத்தில் பெஞ்சின் தையல் தடம். "புடிச்சாச்சா?" "புடிச்சு உட்டாச்சு. நீங்க தூங்குங்க." அவர் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போகிறார். கென்னடி அண்ணன் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஏணியில் இறங்கி வருகிறார். இப்போது சொல்லுவார். தளத்தில் கிடக்கும் லீடர் துண்டை எடுத்து நுனியைப் பார்க்கிறார், சுத்தமாக அறுபட்ட நுனி, கட்டைவிரலால் தடவுகிறார். என்னைப் பார்க்கிறார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவர் என்னை இவ்வளவு நேரம் பார்க்கிறார், எண்ணுகிறேன், மூன்று வரை வருகிறது. "கத்தியத் தொடச்சு வை. உப்பு கேறும்" என்கிறார். ஏணியில் ஏறிப் போகிறார்.

படகு கரைக்குத் திரும்புகிறது. மலைகள் இன்னும் புகையாகத்தான் தெரிகின்றன, எட்டு மைலுக்கு இன்னும் வெகுதூரம். கத்தியை நல்ல தண்ணீரில் அலசினேன், துணியால் துடைத்தேன், எண்ணெய் தடவினேன். கைக்கு வேறு வேலை இல்லை. இன்று அறுத்தது எத்தனை எண்ணிக்கை. ஒன்றுகூட இல்லை. எண்ணுவதற்கு இடமே இருக்கவில்லை. முடியும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கும் முடிந்திருக்கும். இதில் எனக்கு ஆறுதல் வர வேண்டுமா என்று பார்க்கிறேன், வரவில்லை. மேடம் முன்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார். ஹில்மி ராடுகளைக் கழுவிக்கொண்டே ஏதோ பாடுகிறான். ஐஸ் பெட்டிக்குப் பின்னால், எஞ்சின் சத்தம் அதிகம் கேட்கும் மூலையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அம்புரோசின் முப்பத்தெட்டு விநாடி. அதற்குக் கீழே வெற்றிடம். கட்டை விரல் படம் தேடத் தேவையில்லை, முதல் வரிசையிலேயே இருக்கிறது. சரி என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் குறையப் போவதில்லை, விரல் திரும்ப முளைக்கப் போவதும் இல்லை, உண்மையைச் சொல்லி அவனிடமிருந்து இன்னும் ஒன்றை எடுத்துக்கொள்வதுதான் மிச்சம், தன்னைக் காப்பாற்றியவன் ஒருவன் உண்டு என்பதையும் அவனிடமிருந்து பிடுங்குவது. இதுவும் ஒரு காரணம். இதுவும் நோ, நோ என்று கத்திய ஆள் மாதிரிதான், பின்னால் வந்த சாக்கு முன்னால் நிற்கிறது. மைக் குறியை அழுத்திப் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். "லே அம்புரோசு. நாந்தான். எனக்க பேர எழுதிக் குடுக்கதுக்கு முன்ன இதக் கேளு. அன்னைக்கு நான் ஒடனே அறுக்கல்ல. அந்த ஆளு கத்துனதுக்காவ நின்னேன்னு நெனச்சிட்டு இருந்தேன், அது இல்ல. அவரு கத்துனது பெறவு. நீ தண்ணிக்குள்ள கிடந்தப்ப நான் அந்தக் கொப்பரனப் பாத்துட்டு நின்னேன் மக்கா. கென்னடி அண்ணன் கூப்புட்ட பெறவுதான் அறுத்தேன். நேரத்தோட அறுத்திருந்தா ஒனக்க வெரலு இருந்திருக்கும். பிள்ளைக்கு ஆரு வேணுமுன்னு இனி நீ சொல்லு." விரலை எடுத்தேன். இருபத்தாறு விநாடி. செய்திக்கு ஓரத்தில் சின்னக் கடிகாரப் படம் வந்து நின்றது. சிக்னல் வரும்வரை அது அப்படியே நிற்கும், அதுவரை அழித்துவிடலாம், அழித்த தடம்கூட இருக்காது.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, எண்ணவில்லை. மலை பழுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்கும் இடம் வந்தது, அதைத் தாண்டினால் எட்டு மைல். "ததேயு, பின்தளத்தக் கழுவியாச்சா?" என்று ஹில்மி கேட்டான். "இந்தா" என்றேன். ஏணியில் ஏறினேன். கென்னடி அண்ணன் சுக்கானில் ஒரு கை வைத்து, முன்னால் பார்த்துக்கொண்டு, துறைமுகத்துக்கு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஒட்டிய திட்டில் அவர் போனும் ஹில்மியின் போனும் கிடந்தன. நடுவில், கடிகாரம் இன்னும் நிற்கிற என் போனைச் சாய்த்து நிறுத்திவிட்டு, இறங்கிப் போய் வாளியை எடுத்துக் கடலில் முக்கினேன்.